மூலப்பிரதியோடு போன துண்டு

கயிறு கழற்றியாகிவிட்டது. படகு துறையைவிட்டு இரண்டு முழம் விலகியிருந்தது. நான் தாவினேன்.

ஒரு கால் பலகையில் விழுந்தது. மற்றது காற்றில் நின்றது. யாரோ என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்கள். ஸ்கூட்டி ஓடும்போது போட்ட தலைக்கவசம் இன்னும் என் தலையில்தான் இருந்தது.

"தலைக்கவசத்தோடை நயினாதீவு அம்மனைக் கும்பிட வாற முதல் ஆள் நீர்தான் பிள்ளை," என்றார் படகோட்டி அன்ரனிதாஸ். "அடுத்த படகிலை வந்திருக்கலாமே."

"அடுத்தது எத்தினை மணிக்கு அண்ணை?"

"ஆள் நிறைஞ்சால் வெளிக்கிடும்."

அதை நம்பி நிற்க எனக்கு நேரம் இல்லை. மணி பத்து நாற்பது. இரண்டு மணிக்கு ஊர்காவற்றுறையில் எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் பேரவை கூடுகிறது. கூடியவுடன் செய்யப்போகும் முதல் காரியம் ஒரு பெயரை வெட்டுவது. பேராசிரியர் பிரியவதனி, மோசடி செய்த விண்ணப்பதாரி என்று. அந்தப் பெயரைக் காப்பாற்றக்கூடிய ஒரே கடித உறை நயினாதீவில் இருந்தது. நான் உதவிப் பதிவாளர் நிலாந்தி. அந்த உறையை எடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். குறிகட்டுவான் துறையில் சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, கையை நெற்றிக்கு வைத்து எங்கள் படகையே பார்த்தான்.

கணினிப் பிரிவு மிதுஷன். வேலணையிலிருந்து என் பின்னால் ஒரு சிவப்பு வண்டி வருவதைக் கண்ணாடியில் பார்த்தபோது வேறு யாரோ என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தீவக வளாகத்துக்கு ஐந்து வயது. கட்டடத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில் அது உதவி அரசாங்க அதிபரின் அலுவலகம், கந்தோர் என்பார்கள். புதிய முதல்வரைத் தெரிவுசெய்ய விளம்பரம் போட்டபோது பேரவை பெருமையாக ஒரு வரி சேர்த்தது. கொலனித்துவ வழக்கங்களிலிருந்து இந்த வளாகத்தின் தலைமையை எப்படி விடுவிப்பீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதவும், தமிழிலும் எழுதலாம். மூன்று பேர் எழுதினார்கள். தமிழில் எழுதியவர் ஒருவர்தான். நிலத்தடி நீர் பற்றிப் படிப்பிக்கும் பிரியவதனி மிஸ்.

வந்த உரைகளை முதலில் வாசித்தது மனிதர் அல்ல, செயற்கை நுண்ணறிவு மென்பொருள். தலைமைப் பண்புக்குப் புள்ளி போடும். எழுதியது ஆளா இயந்திரமா என்றும் சொல்லும். மெல்பேணில் உள்ள ஓர் அமைப்பு அதை வளாகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தது. அந்த அமைப்பின் ஆலோசகர் கலாநிதி சுஜிதன். மூன்று விண்ணப்பதாரிகளில் இன்னொருவரும் அதே சுஜிதன்தான். இதை யாரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை.

மிதுஷனின் மாமி மகன்தான் சுஜிதன். இதையும் யாரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை.

தற்காலிகமாகப் பதில் முதல்வராக இருக்கும் ஜெகதீஸ் சேர் அன்று காலை ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார். அவருடைய அறையில் இருப்பது ஒரே ஒரு கதிரை, அவருடையது. வருபவர்கள் நின்றுதான் கதைக்க வேண்டும். அது கட்டடத்தோடு வந்த வழக்கம். நான் நின்றேன்.

"தொண்ணூற்றேழு வீதம்," என்றார், கடதாசியை என் பக்கம் தள்ளி. "பிரியவதனியின்ரை உரையிலை தொண்ணூற்றேழு வீதம் இயந்திரம் எழுதினதாம். கொலனித்துவத்தைக் கலைக்க வந்த ஆள், ஒரு பொத்தானை அமத்திப் போட்டு வந்திருக்கிறா."

"சேர், அவ தமிழிலை கையாலை எழுதினவ. உங்களிட்டை இருக்கிறது ஆங்கிலப் பிரதி."

"அப்ப மூலம் எங்கை?"

"திருப்பி அனுப்பியாச்சு சேர். வழமைதானே."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வந்து இரண்டு மாதம்தான். எங்கள் வழமை அவருக்குத் தெரியாது. நான் விளக்கினேன். கோப்பில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்க வேண்டும். தமிழில் வருவதை எங்களில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். பிறகு, 'மூலத்தை வாசித்து என் கையால் மொழிபெயர்த்தேன்' என்ற சான்றுத் துண்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துண்டு தமிழில் அச்சடித்தது. ஆகவே அதுவும் கோப்பில் இருக்கக்கூடாது. மூலப்பிரதியோடு சேர்த்துக் குத்தி, எழுதியவருக்கே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புவோம். ஏன் இப்படி என்று நான் சேர்ந்த நாளில் கேட்டேன். அலுமாரிகளோடு வந்த நடைமுறை என்றார்கள்.

"பேரவையிலை ஒன்பது பேர்," என்றார் ஜெகதீஸ் சேர் மெதுவாக. "ஒன்பது பேருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும்."

"ஓம் சேர்."

"மொழிபெயர்த்தது ஆர்?"

"துண்டிலை கையெழுத்து இருக்கும் சேர்."

நிர்வாகத்தில் நாலு பேர் அந்த வேலையைப் பங்குபோடுகிறோம். கணினி வேலை குறைந்த நாட்களில் மிதுஷனும் கை கொடுப்பான். ஜெகதீஸ் சேர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூலத்தை இரண்டு மணிக்கு முன்னம் என்ரை மேசையிலை வையும். போனிலை படம் எடுத்து அனுப்ப வேண்டாம். இப்ப கையெழுத்தையும் இயந்திரமே கீறும். கடதாசி வேணும். துண்டும் வேணும். இல்லாட்டி அவவின்ரை பெயரை வெட்டுவன். ஒழுக்காற்று விசாரணையும் வரும். இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சதுக்கு அதுதான் மிச்சமாய்க் கிடைக்கும்."

"தெரிவு நாளிலை விண்ணப்பதாரியைச் சந்திக்கக் கூடாது எண்டு விதி இருக்கு சேர்."

"இருக்கு. நீர் எங்கை போறீர் எண்டு எனக்குத் தெரியாது."

இது உதவியா பொறியா என்று எனக்கு விளங்கவில்லை. விதியை மீறி நான் கொண்டுவந்தால், அதைக் காரணம் காட்டியே உறையை ஒதுக்கிவிடலாம். கதவைத் திறந்தேன். விறாந்தையில் மிதுஷன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினான்.

நயினாதீவில் இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பிரியவதனி மிஸ் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை வேலிக்கு மேலால் கையைக் காட்டினார். "கிணத்தடியிலை. நேற்று எங்கடை கிணத்தையும் அளந்தவ. உப்புக் கூடிப்போச்சாம். அது எனக்குத் தெரியாததோ? நான் நெடுகவும் குடிக்கிற தண்ணி."

மூன்றாவது கிணற்றில் அவரைப் பிடித்தேன். வாளித் தண்ணீருக்குள் அளக்கும் கருவியை விட்டு, எண்ணைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"நீர் வருவீர் எண்டு நினைச்சனான், நிலாந்தி. இவ்வளவு பிந்தி வருவீர் எண்டு நினைக்கேல்லை."

"மிஸ், உறை வேணும். இண்டைக்கு இரண்டு மணிக்கு உங்கடை பெயரை வெட்டப்போகினம்."

"தெரியும். மூன்று நாளைக்கு முன்னம் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. தமிழிலை பதில் போட்டனான். ஆங்கிலத்திலை தரச் சொல்லித் திரும்பி வந்தது."

"ஆர் திருப்பினது?"

"ஆள் இல்லை. தானாய் வந்த பதில்." சிரித்தார். "என்ரை உரை எண்டு ஒரு ஆங்கிலப் பிரதியும் கூட அனுப்பியிருந்தவை. நான் என்ன எழுதினனான் தெரியுமோ? முதல்வரின்ரை அறையிலை முதல் நாள் இன்னொரு கதிரை போடுவன், வாறவை இருந்து கதைக்கட்டும் எண்டு. ஆங்கிலத்திலை அது என்னவாய் வந்திருக்கு எண்டு பார்த்தீரோ? அனைவரையும் உள்ளடக்கும் இருக்கை ஒழுங்கமைப்பை நிறுவுவனாம். வாசிச்சவுடனை இது மனிசர் எழுதினதில்லை எண்டு எனக்கே விளங்கிட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உறை உங்களிட்டை இருக்கு. துண்டும் இருக்கு. அதைக் காட்டியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். ஏன் மிஸ் பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் கருவியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார். பிறகுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"துண்டிலை ஒரு பெயர் இருக்கு. பொய்ச் சான்று எண்டு வந்தால் அந்தப் பெயருக்கு வேலை போகும். என்ரை பெயரைக் காப்பாத்த இன்னொரு ஆளைக் கடலுக்கை தள்ள எனக்கு ஏலாது. அந்த முடிவை வேறை ஆரும் எடுக்கட்டும்."

கைப்பையிலிருந்து பழுப்பு நிற உறையை எடுத்து நீட்டினார். அதன் வாயை ஒட்டுநாடாவால் மூடியிருந்தார்.

"பேரவையிலை போய்த் திறவும். உம்மட்டைத் தாறது சரியோ எண்டு மூன்று நாளாய் யோசிச்சனான்."

"என்னை நம்பேல்லையோ?"

"இன்னும் தெரியாது," என்றார். அடுத்த கிணற்றுக்கு நடந்தார்.

துறைக்கு வந்தபோது பன்னிரண்டு பத்து. மிதுஷன் அங்கே நின்றான். அடுத்த படகில் வந்து இறங்கியிருக்கிறான். அவன் கண் நேராக என் கைப்பைக்குப் போயிற்று.

"கிடைச்சுதோ அக்கா?"

"என்ன கிடைச்சுதோ?"

"அக்கா, என்னோடை ஒளிச்சுப் பிடிச்சு விளையாடாதைங்கோ."

ஒரே படகு. வேறு வழி இல்லை. அன்ரனிதாஸ் உயிர்காப்பு அங்கிகளைக் கொடுத்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கந்தோர் ஆக்கள் ரண்டு பேர் ரண்டு படகிலை வந்து ஒரு படகிலை போறியள். அரசாங்க வேலை எண்டால் இப்பிடித்தான்."

நான் விளிம்போரம் உட்கார்ந்தேன். உறை என் மடியில், இரண்டு கைகளுக்கும் கீழே. மிதுஷன் எனக்கு அருகில் வந்து நெருக்கி உட்கார்ந்தான். காற்று பலமாக இருந்தது. கை தளர்ந்தால் போதும், உறை போய்விடும்.

"ஆர் அனுப்பினது உம்மை?" என்றேன். "மெல்பேணிலை இருக்கிற மச்சானோ?"

"சுஜிதன் அண்ணைக்கு இது ஒண்டும் தெரியாது."

"காலமை விறாந்தையிலை ஆரோடை கதைச்சனீர்?"

"அம்மாவோடை. மீன் வாங்கினனோ எண்டு கேட்டவ." அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் கணினியிலை பதிவைப் பார்த்தனான். அந்த மொழிபெயர்ப்பு எந்த நாள், எத்தினை மணிக்கு, எந்த மேசையிலை இருந்து போனது எண்டு எல்லாம் கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

நான் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அப்ப என்ன வேணும் உமக்கு?"

"உந்த உறையை என்னட்டைத் தாங்கோ. கடலுக்கை விழுந்திட்டுது எண்டு சொல்லுவம். நான் சாட்சி. இந்தக் காத்துக்கு ஆரும் நம்புவினம்."

"பிரியவதனி மிஸ்ஸின்ரை பெயர்?"

"அவ பெரிய ஆள். வழக்குப் போட்டு வெண்டிடுவா. அந்தத் துண்டிலை கையெழுத்துப் போட்ட ஆளுக்கு வழக்குப் போட என்ன இருக்கு? வேலை போனால் போனதுதான். வீட்டிலை ஒரு சம்பளம். அதையும் யோசிச்சனீங்களோ?"

அவன் வீட்டில் ஒரு சம்பளம்தான். என் வீட்டிலும் அப்படித்தான்.

அவன் கை மெதுவாக உறையின் மூலையைத் தொட்டது. நான் இழுக்கவில்லை. இரண்டு, மூன்று வினாடி இருக்கும். உறை எங்கள் இருவரின் விரல்களுக்கு நடுவில் காற்றில் படபடத்தது. கீழே தண்ணீர் வெள்ளையாக ஓடியது. ஒருவர் கை எடுத்தால் முடிந்தது. பிறகு விசாரணை இல்லை, துண்டு இல்லை. ஒரு பேராசிரியரின் இருபத்திரண்டு வருடத்தைத் தவிர வேறு நட்டமும் இல்லை.

"கையை எடும் மிதுஷன்."

"அக்கா."

"எடும் எண்டு சொன்னனான்."

எடுத்தான்.

குறிகட்டுவானிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஸ்கூட்டியால் முக்கால் மணித்தியாலம். புங்குடுதீவுப் பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. கண்ணாடியில் சிவப்பு வண்டி கூடவே வந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. வேலணையில் பெற்றோல் அடிக்க நின்றேன். அவனும் நின்றான். இடிக்கப் போகிறானோ என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். மடியில் வைத்திருந்த உறையை இப்போது சட்டைக்குள் சொருகியிருந்தேன்.

ஒன்று ஐம்பத்தாறுக்கு வளாக வாசலில் நின்றேன்.

பேரவை அறையில் நீள மேசை. ஒன்பது பேருக்கு ஒன்பது கதிரை. பதில் முதல்வர் மேசையின் தலைப்பக்கத்தில். நான் கதவோரம் நின்றேன். மிதுஷன் எனக்குப் பின்னால், திரை இயக்குவதற்கென்று வந்து நின்றான். ஜெகதீஸ் சேர் தீர்மானத்தை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். நான் முன்னால் போய் உறையை அவர் முன் வைத்தேன்.

"எங்காலை இது?" என்றார், தெரியாதவர் போல.

"நயினாதீவிலை இருந்து. விதியை மீறித்தான் எடுத்துக்கொண்டு வந்தனான் சேர். அதையும் பதிஞ்சு கொள்ளுங்கோ."

பொறியாக இருந்தால் இப்போது மூட வேண்டும். அவர் மூடவில்லை. ஒட்டுநாடாவைக் கிழித்தார். நீல மையில் இரண்டு தாள். வெட்டித் திருத்திய இடங்கள், ஓர் ஓரத்தில் தேத்தண்ணிக் கறை. பேரவையின் மூத்த உறுப்பினர் சறோஜினிதேவி, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கையை நீட்டி வாங்கினார்.

"நான் வாசிக்கிறன்," என்று தமிழில் தொடங்கினார். "'இந்தக் கட்டடத்தில் முதல்வரின் அறைக்குள் வருபவர்கள் நிற்கிறார்கள். நூற்றைம்பது வருடமாக நிற்கிறார்கள். முதல் நாள் நான் செய்யப்போவது இன்னொரு கதிரை போடுவது. இரண்டாம் நாள் செய்யப்போவது, அதில் உட்கார்ந்தவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுதி வைப்பது.'"

இரண்டு பக்கமும் வாசித்து முடித்தார். யாரோ ஒருவர் கதிரையைப் பின்னால் நகர்த்தி, மறுபடி முன்னால் நகர்த்தினார்.

"இதை இயந்திரம் எழுதேல்லை," என்றார் சறோஜினிதேவி. "அப்ப தொண்ணூற்றேழு வீதம் எண்டு அது பொய் சொன்னதோ?"

"பொய் சொல்லேல்லை," என்றான் பின்னாலிருந்து மிதுஷன். "அதுக்குக் குடுத்த ஆங்கிலம் உண்மையாகவே இயந்திரம் எழுதினதுதான். மொழிபெயர்க்கேக்கை நடந்தது."

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. சுஜிதனின் மச்சான். எல்லோருக்கும் ஒரே கணத்தில் அது நினைவுக்கு வந்ததை நான் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறைக்குள் துண்டு மட்டும் இல்லாதிருந்தால், அவன் அப்படியே நின்று எல்லாவற்றையும் தன் தலையில் வாங்கியிருப்பான்.

ஜெகதீஸ் சேர் உறைக்குள் கையை விட்டார். துண்டு தனியாகக் கழன்று அடியில் கிடந்திருக்க வேண்டும். எடுத்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார். மேசைக்கு மேலால் துண்டை என்னிடம் நீட்டினார்.

"சத்தமாய் வாசியும்."

"'மூலத்தை முழுமையாக வாசித்து, என் கையால் மொழிபெயர்த்தேன் என உறுதி கூறுகிறேன். தை பதினேழு.'"

"கீழையும் வாசியும்."

சறோஜினிதேவி எழுந்து, தன் கதிரையை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்," என்றேன். "மேசையிலை இன்னும் அஞ்சு கடிதம் கிடந்தது. நான் மூலத்தை வாசிக்கவே இல்லை சேர். படம் எடுத்து இயந்திரத்துக்குக் குடுத்தனான். நாப்பது செக்கன் எடுத்தது. கீழை இருக்கிறது என்ரை கையெழுத்து."